இறக்குமதிக் கணினியும் இந்தியச் சந்தையும்: பொருத்துநர் வழிப் பரவல்

முன்னுரை

விருத்தாசலம் பீங்கான் நகரம் எனப் பெயர் பெற்றதற்கு அடிப்படை, அருகிலேயே கிடைத்த மூலப்பொருள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண் இவ்வூர்ச் சிறு தொழிற்கூடங்களில் மின்காப்புப் பொருள்களாகவும் பொம்மைகளாகவும் உருப்பெற்றது. 1980களில் இந்தியாவில் பரவத் தொடங்கிய தனிநபர் கணினி இதற்கு நேர்மாறானது. அதன் நுண்செயலி முதல் நினைவகச் சில்லு வரை முதன்மைப் பாகங்கள் யாவும் கடல்கடந்து வந்தவை. ஆயினும் சிறு பட்டறை என்னும் அமைப்பு இரண்டுக்கும் பொதுவானது. அயல்நாட்டுக் கணினி இந்தியச் சந்தையில் பெற்ற செல்வாக்கிற்கு அதன் வணிகப் பெயரோ தொழில்நுட்ப மேன்மையோ முதற்காரணம் அன்று. அதனைப் பிரித்துப் பொருத்தவும் பழுது நீக்கவும் உள்ளூர்க் கைகளுக்கு இயன்றமையே காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1984ஆம் ஆண்டுக் கொள்கை

ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறிய பின், கணினி உற்பத்தி உரிம முறைக்குள் அடங்கிக் கிடந்தது. 1984 நவம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட புதிய கணினிக் கொள்கை அக்கட்டுகளைத் தளர்த்திப் பாகங்களின் இறக்குமதியை எளிதாக்கியது. முழு இயந்திரமாக இறக்கினால் வரிச்சுமை மிகுதி. பாகங்களாக இறக்கி இங்கே பொருத்தினால் குறைவு. இந்த வேறுபாடே சந்தையின் வடிவத்தைத் தீர்மானித்தது. ஒரு மாதம் முன்னதாக, 1984 அக்டோபரில், பிரேசில் எதிர்த்திசையில் சென்று உள்நாட்டு நிறுவனங்களுக்கே சந்தையை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோ

பொருத்துநர் துணையின்றி முழு இயந்திரமாக வந்த கணினிக்கு நல்ல சான்று ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம். 1984-85இல் 248 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்ட இத்திட்டத்திற்கு, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ தேர்ந்தெடுக்கப்பட்டது. அது தரங்குறைந்த கருவி அன்று. பிரிட்டனின் பள்ளிகளில் பெருவழக்குப் பெற்றிருந்தது. அங்கு அதற்கென ஒளிபரப்பு நிகழ்ச்சிகளும் பாட மென்பொருள்களும் இருந்தன. இந்தியாவில் அச்சூழல் இல்லை. அலுவலகங்களில் புழங்கிய நிரல்கள் அதில் இயங்கா. உதிரிப்பாகத்திற்கு ஒரே மூலத்தை நம்ப வேண்டியிருந்தது. மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று அதனைத் தயாரித்தும் பள்ளிக்கு வெளியே அது வேர்கொள்ளவில்லை. 1990களில் அத்திட்டமே ஐ.பி.எம். வகைக் கணினிக்கு மாறியது.

ஐ.பி.எம். வகைக் கணினியும் பட்டறையும்

ஐ.பி.எம். 1981இல் வெளியிட்ட தனிநபர் கணினி, வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டது. இன்டெல் நுண்செயலியை யாரும் வாங்கலாம். மைக்ரோசாஃப்டின் இயக்குதளத்தையும் அவ்வாறே பெறலாம். ஐ.பி.எம்.மின் தனியுடைமையாக எஞ்சியது பயாஸ் என்னும் தொடக்க நிரல் மட்டுமே. அதன் பணிகளைச் செய்யும் மாற்று நிரலைக் காம்பேக் நிறுவனம் தானே எழுதிக்கொண்டது; 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய நிரலை எவருக்கும் விற்கத் தொடங்கியது. அதன்பின் தைவான் தாய்ப்பலகைகள் உலகெங்கும் பரவின.

சென்னையில் இதன் விளைவு விரைவாகவே தெரிந்தது. சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் ‘சிவா பிசி’யை ரூ. 33,000 அளவில் விற்றபோது, பிற நிறுவனங்களின் விலை அதனினும் பன்மடங்காக இருந்தது. பெயர் தமிழ்நாட்டுப் பெயர். உள்ளடக்கம் அயல்நாட்டுப் பாகங்கள். 1990களில் ரிச்சி தெருக் கடைகள் இதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றன. வாங்குபவர் தம் பணத்திற்கு ஏற்பத் தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு எனத் தனித்தனியே தேர்ந்தார். கடைக்காரர் பொருத்திக் கொடுத்தார். ‘அசெம்பிள்டு’ என்ற ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் கணினி வகையொன்றின் பெயராகவே நிலைத்தது. வட்டத் தலைநகர்களின் தட்டச்சுப் பயிலகங்களுக்குக் கணினி பெரும்பாலும் இவ்வழியில்தான் வந்தது.

தமிழுக்கு வாய்த்த இடம்

திறந்து பொருத்தத்தக்க இவ்வமைப்பு தமிழுக்கும் இடமளித்தது. ரோமன் எழுத்திற்கென வடிவமைந்த இயந்திரத்தில் இந்திய எழுத்துகளைக் காட்ட, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்விலிருந்து தோன்றி சி-டாக் நிறுவனம் பரப்பிய ‘ஜிஸ்ட்’ அட்டை, கணினியின் விரிவாக்கச் செருகிடத்தில் பொருத்தப்பட்டது. செருகிடம் இல்லாத மூடிய கருவியில் இவ்வழி இயலாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் வழியிலும் தமிழ் அதே வகைக் கணினியில் குடியேறியது. எனினும் பலரும் தனித்தனியே செய்தமையால் குறியேற்றங்கள் பெருகின. ஓரிடத்தில் எழுதியதை மற்றோரிடத்தில் படிக்க இயலாத நிலை வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்’99 மாநாடு விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரப்படுத்த முனைந்ததற்கு இதுவே பின்னணி. இத்திறப்பின் நன்மையை மட்டும் எடுத்துரைத்து அதன் குழப்பத்தை மறைப்பது முறையன்று.

வரி நீங்கிய பின்

1997இல் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இணைந்த இந்தியா, 2005இல் கணினிக்கான சுங்கவரியை முற்றிலும் நீக்கியது. பாகத்திற்கும் முழு இயந்திரத்திற்கும் இடையே வரியில் இருந்த வேறுபாடு மறைந்தது. பொருத்துநரின் விலைச் சாதகமும் உடன் குறைந்தது. மடிக்கணினி அவரது வேலையையே குறுக்கியது. நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட கருவியில் அவர் மாற்றித் தருவதற்கு எஞ்சுவது சிலவே. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, பல இல்லங்களுக்கு முதல் கணினி முழுமைபெற்ற கருவியாகவே வந்து சேர்ந்தது.

2023 ஆகஸ்டில் நடுவண் அரசு கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என அறிவித்துப் பின்னர் அதனை இறக்குமதி மேலாண்மை முறையாகத் தளர்த்தியது. மடிக்கணினி, கைக்கணினி, ஒருங்கிணைந்த கணினி, மிகச்சிறு கணினி, சேவையகம் ஆகியவையே அதன் வரம்புக்குள் வந்தன. வழக்கமான மேசைக் கணினி அப்பட்டியலில் இல்லை. ரிச்சி தெருவிற்கு வரும் தாய்ப்பலகையும் இல்லை.