பிளாட் போடுறதுக்கு முன்னாடி ஒரு மேப்! பொட்டல்காட்டு உயிர்களைக் காப்பாற்றும் கணக்கு

சாத்தூரிலிருந்து நான்கு வழிச்சாலையில் கோவில்பட்டி பக்கமோ, விருதுநகர் பக்கமோ பத்து நிமிஷம் பைக்கில் போங்கள். இரண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், நடுநடுவே கலர் கொடி கட்டி, கல் ஊன்றிய வீட்டுமனைகள். 'டிடிசிபி அப்ரூவ்டு', 'ஹைவே ஃபேஸிங்' என்று போர்டுகள். "முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமில்ல, சும்மா கிடந்துச்சு."

சும்மாவா கிடந்தது? ஆள்காட்டிக் குருவி கூடே கட்டாது. வெறும் தரையில் நாலு கல்லுக்கு நடுவே முட்டை போடும். காடையும் கௌதாரியும் புல் மறைவில் குஞ்சு பொரிக்கும். முயல், உடும்பு, நரி, வெயில் காலத்தில் தொண்டையை விசிறி மாதிரி விரித்துக் காட்டும் குட்டி ஓணான் என எல்லாருக்கும் இதுதான் வீடு. தென் தமிழ்நாட்டின் முள்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமைக்கும் அப்படித்தான். மேடு பள்ளம் பார்க்காமல் ஜேசிபி இறங்கும்போது பறவை பறந்துவிடும். ஆமை எங்கே ஓடும்?

அதற்காக வீடே கட்டக் கூடாதா, ஃபேக்டரியே வரக் கூடாதா? மழையை நம்பி விவசாயம் பார்க்க முடியாமல் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போன ஊர் இது. இங்கே வேலைவாய்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி வேற. எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதை யார், எப்போது முடிவு செய்வது? இதற்கு உலகம் கண்டுபிடித்திருக்கும் ஒரு வழிதான் 'வாழிடப் பாதுகாப்புத் திட்டம்'.

லாஸ் வேகஸை நிறுத்திய ஆமை

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் பாலைவனத்துக்கு நடுவே முளைத்த நகரம். 1980-களின் கடைசியில் அங்கே ரியல் எஸ்டேட் பறந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் 1989-ல் பாலைவன ஆமையை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம் என்று அமெரிக்க அரசு அவசரமாக அறிவித்தது. அந்த நாட்டின் சட்டப்படி, அப்படி அறிவித்த உயிரைக் கொல்வது மட்டுமல்ல, அது வாழும் இடத்தை அழித்து அதற்குத் தீங்கு செய்வதும் குற்றம். ஆமை இருக்கும் மனையில் மண்ணைத் தோண்டினாலே கேஸ். கட்டுமான வேலைகள் ஸ்தம்பித்தன.

இந்த ஆமை வாழ்நாளில் 95 சதவிகிதத்தை மண்ணுக்கடியில் வளையில் கழிக்கிறது. மேலே பார்த்தால் நிலம் காலியாகத்தான் தெரியும். அங்கேயும் "சும்மா கிடக்குது" என்றுதான் சொன்னார்கள்.

பில்டர்கள், அதிகாரிகள், ஆய்வாளர்கள் எல்லாம் ஒரே மேஜையில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த நகரம் இருக்கும் கிளார்க் கவுன்ட்டிக்கு முதலில் ஒரு தற்காலிகத் திட்டம், அப்புறம் 2001-ல் 30 வருஷத்துக்கான பெரிய திட்டம் வந்தது. ஆமையோடு சேர்த்து 78 உயிரினங்கள் அதில் இடம்பெற்றன. சுருக்கமாக அதன் கணக்கு இதுதான்:

* மொத்த நிலத்தையும் மேப் போட்டு, எங்கே கட்டலாம், எங்கே கைவைக்கவே கூடாது என்று முதலிலேயே பிரித்துவிடுவது.
* கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு. இங்கே அது 1,45,000 ஏக்கர்.
* கட்டுகிறவர்கள் ஏக்கருக்கு 550 டாலர் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டிவிட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாக மத்திய அரசு அனுமதிக்கு அலைய வேண்டாம்.
* அந்தப் பணத்தில் ஆமை ரோட்டுக்கு வராமல் வேலி, நிலப் பராமரிப்பு, ஆராய்ச்சி.

பக்கத்து ஊரான போல்டர் சிட்டியில் மட்டும் சுமார் 86,000 ஏக்கர் பாலைவனம் இப்படி வளர்ச்சிக்கு வெளியே வைக்கப்பட்டது. நகரம் நின்றுவிட்டதா? 1990-ல் சுமார் 7.4 லட்சமாக இருந்த கிளார்க் கவுன்ட்டி மக்கள்தொகை 2020-ல் 22 லட்சத்தைத் தாண்டியது. பில்டருக்குக் கிடைத்தது நிச்சயம்: நாளைக்குத் திடீர் ஸ்டே வராது. ஆமைக்குக் கிடைத்தது ஒட்டுமொத்தமாக ஒரு பெரிய இடம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நூறு துண்டு நிலத்தைவிட, ஒரே தொடர்ச்சியான நிலம்தான் உயிர்களுக்கு உதவும்.

எல்லாம் சுபமா? இல்லை!

இந்தக் கதையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, பணம். கட்டடம் கட்டினால்தான் கட்டணம் வரும். 2008-ல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தபோது வரவும் சரிந்தது. லாஸ் வேகஸ் அருகே கைவிடப்பட்ட ஆமைகளைப் பராமரித்த மையம் பணம் போதாமல் 2014-ல் மூடப்பட்டது. இரண்டு, மேப்பில் கோடு போட்டதாலேயே உயிர் பிழைத்துவிடாது. வறட்சி, சாலை விபத்து, குப்பைமேட்டால் பெருகும் அண்டங்காக்கைகள் எனப் பல காரணங்களால் அந்த ஆமைகள் பல இடங்களில் இன்னும் குறைந்துகொண்டேதான் வருகின்றன.

கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு இன்னொரு பாடம். காற்று கொண்டுவந்து கொட்டும் மெல்லிய மணலில் மட்டுமே வாழும் ஒரு பல்லிக்காக 1986-ல் அங்கே திட்டம் போட்டார்கள். பல்லி இருக்கும் மணல்மேட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது. மணல் கிளம்பி வரும் பாதையில் கட்டடம் எழும்பினால் மணல் வராது, மேடு கரைந்துபோகும் என்பது போகப்போகத்தான் அழுத்தமாகப் புரிந்தது. 2008-ல் வந்த பெரிய திட்டத்தில் மணல் வரும் வழிகளையும் சேர்த்தார்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்மாயை ஆழப்படுத்திவிட்டு, வரத்துக்காலில் பிளாட் போட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

தார் பாலைவனத்தில் கரன்ட் கம்பி

இந்தியாவில் இந்த மோதல் உச்சத்தில் இருப்பது ராஜஸ்தானில். கானமயில் என்ற பெரிய பறவை, சுமார் 15 கிலோ வரை எடை இருக்கும். தரையில்தான் முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. காட்டில் மிச்சம் இருப்பவை 150-க்கும் குறைவு. அதன் பாலைவனத்தில்தான் நாட்டின் மிகப்பெரிய சூரிய மின் பூங்காக்களும் காற்றாலைகளும் வருகின்றன. அந்தப் பறவைக்கு நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. உடம்பும் கனம், சட்டென்று திரும்ப முடியாது. உயர் அழுத்த மின்கம்பியில் மோதிச் சாகிறது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏறக்குறைய 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மின்கம்பிகளை முடிந்தவரை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. அது நடைமுறைக்கு ஒத்துவராது, சூரிய மின்சாரமே முடங்கிவிடும் என்று அரசு திரும்பவும் போனது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பொதுவான உத்தரவை விலக்கிக்கொண்டு, எந்த இடம் பறவைக்கு உண்மையிலேயே அவசியம் என்று பார்க்க நிபுணர் குழு அமைத்தது. ராஜஸ்தானில் சுமார் 13,000 சதுர கிலோமீட்டர் முன்னுரிமைப் பகுதியாக அடையாளம் காணப்பட்டிருந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நிலக்கரியை விட்டு வெளியே வர சூரிய மின்சாரம் வேண்டும். ஆனால், 'பறவைக்கு எந்த இடம்' என்ற கேள்வியை முதல் கம்பம் நடுவதற்கு முன்னால் கேட்டிருந்தால், பல வருஷ கோர்ட் அலைச்சலும் மிச்சம், சில பறவைகளும் மிச்சம்.

நம்ம பக்கம் என்ன நிலவரம்?

சாத்தூர் பாலைவனம் இல்லை. வறண்ட கரிசல் பூமி. ஆனால் கதை ஒன்றுதான். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாமே தேவைதான். ஆனால் இவற்றை எல்லாம் ஒரே மேப்பில் வைத்து, 'நடுவில் உயிர்களுக்கு எவ்வளவு இடம் மிச்சம்?' என்று மொத்தமாகக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. பெரிய தொழிற்சாலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதுவும் அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும். சூரிய மின் நிலையத்துக்கு அந்த அனுமதியே தேவையில்லை.

நம் பக்கம் பொட்டல்வெளிக்கென்று பாதுகாப்பு கிடைத்திருக்கும் ஓர் இடம் வல்லநாடு. திருநெல்வேலி – தூத்துக்குடி சாலையை ஒட்டி, 1987-ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம். பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடங்களில் ஒன்று. நல்ல விஷயம். ஆனால் சுற்றிலும் வயலும் சாலையும் வளர வளர அது ஒரு தீவாகிவிடும். வெளிமானுக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாதே!

இதில் மொழிக்கும் பங்கு உண்டு. வருவாய்த்துறை ஆவணத்தில் 'தரிசு', 'புறம்போக்கு'. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் முள்புதர் நிலமும் 'தரிசு' கணக்கில்தான் வருகிறது. காடு என்று எழுதினால் கேள்வி கேட்பார்கள். தரிசு என்று எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் புது புராஜெக்ட் எது வந்தாலும் முதல் பார்வை மேய்க்கால் நிலத்தின் மேல் விழுகிறது. ஆமையும் போகிறது, ஆடு மேய்க்கிறவருக்கு இடமும் போகிறது.

பட்டாசு ஆபீஸ் சொல்லும் பாடம்

'முதலில் மேப், அப்புறம் கட்டடம்' என்பது அமெரிக்காக்காரனுக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. நம்ம ஊர் பட்டாசு ஆபீஸைப் பாருங்கள். நாக்பூர் லைசென்ஸ் வேண்டுமென்றால் ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, குடோன் எவ்வளவு தள்ளி என்று வரைபடத்தில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தக் காலி இடத்தை யாரும் 'வேஸ்ட்' என்று சொல்வதில்லை. அதுதான் உயிர் காக்கும் இடம். அந்த இடைவெளியை மதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சாத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே புத்தியை ஒரு தாலுகா அளவுக்குப் பெரிதாக்கினால், அதுதான் வாழிடப் பாதுகாப்புத் திட்டம். கட்டடங்களுக்கு நடுவே வேண்டுமென்றே விட்டுவைக்கும் காலி இடம்.

விட்டுக்கொடுக்கும் மனசும் நமக்குப் புதுசில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. அவர்களிடம் பெரிய சட்டப்புத்தகம் எதுவும் இல்லை; ஊர் கூடி எடுத்த முடிவுதான்.

நீங்க என்ன செய்யலாம்?

* பதிவேடு கேளுங்க: பல்லுயிர்ச் சட்டம் 2002-ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், 'மக்கள் பல்லுயிர் பதிவேடு' ஒன்றும் இருக்க வேண்டும். உங்க ஊர்ப் பதிவேட்டில் மேய்ச்சல் நிலத்து உயிர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கிராமசபையில் எழுப்புங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு வாய்ப்பு.
* போனை எடுங்க: இபேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற ஆப்களில் பார்த்த பறவை, ஓணானைப் பதிவு செய்யுங்கள். 'இங்கே ஒண்ணுமில்லை' என்று யாராவது எழுதினால், தேதியோடு காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.
* ஆமையை ரீல்ஸ் ஆக்காதீங்க: நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். கடத்தல்காரர்கள் தேடும் உயிர் அது. எங்கே பார்த்தீர்கள் என்பதைப் பொதுவெளியில் போடாதீர்கள்.
* மாஸ்டர் பிளானைப் பாருங்க: ஊருக்கு முழுமைத் திட்டம் தயாராகும்போது வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்து கேட்பார்கள். கண்மாய், வரத்துக்கால், மேய்க்கால் மூன்றும் மேப்பில் அப்படியே இருக்கின்றனவா என்று அப்போதே கேட்க வேண்டும். பத்திரம் பதிந்த பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.
* மனை வாங்குறீங்களா? அப்ரூவல் மட்டும் போதாது. அந்த இடத்தில் ஓடை, வரத்துக்கால் இருந்ததா என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். மழை வந்தால் தண்ணீரும் தன் பழைய விலாசத்தைத் தேடித்தான் வரும்.

கானமயிலுக்கு 150 மிச்சம் இருக்கும்போதுதான் நாடு மேப்பை விரித்தது. நம்ம கரிசல்காட்டு உயிர்களுக்கு இன்னும் அந்த நிலைமை வரவில்லை. மேப்பை இப்போதே விரித்தால் செலவும் கம்மி, சண்டையும் கம்மி. அடுத்த தடவை யாராவது "சும்மா கிடக்குற இடம்" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யார்கிட்ட கேட்டீங்க?"