வெதுவெதுப்பா ஒரு பைன்ட்: லாகர் அண்ணனுக்கு ரியல் ஏல் அறிமுகம்

முதல் வாய் குடிச்சதும் அண்ணன் முகம் மாறிடுச்சு. "டேய், சூடா இருக்குடா. கேஸும் இல்ல. பழைய பீரை ஊத்திட்டாங்க."

போன கோடையில் ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்புக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் இருந்தேன். பெரியப்பா பையன் அங்கேதான் வேலை பார்க்கிறார். நாலு வருஷமா அதே ஊர், நாலு வருஷமா லாகர் மட்டும்தான். அந்த ஊரோட சொந்த பீரான ரியல் ஏல் பக்கம் அவர் போனதே இல்லை. அன்னைக்கு நான்தான் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். இது யாரையும் குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லை. தமிழ்நாட்டில் 21 வயசு ஆகாதவங்களுக்குச் சட்டமே இடம் தராது. ஆனா மாஸ்டர்ஸுக்கு பிரிட்டன் போகப்போற மக்கள் நம்ம காலேஜ்ல நிறைய பேர் இருக்கீங்க. அதோட இதுல இருக்கற இன்ஜினியரிங் செமயா இருக்கும். அதுக்காகத்தான் எழுதறேன்.

ஈஸ்ட் எங்கே வேலை செய்யுது?

லாகர், ஏல் ரெண்டுமே பீர்தான். வித்தியாசம் ஈஸ்ட்லயும் வெப்பநிலையிலும் இருக்கு. லாகர் ஈஸ்ட் சுமார் 10 டிகிரி குளிர்ல மெதுவா வேலை செய்யும். அப்புறம் பல வாரம் குளிர்ல வெச்சு பக்குவப்படுத்துவாங்க. ஜெர்மன் மொழியில் லாகர்னா சேமிப்புனு அர்த்தம். ஏல் ஈஸ்ட் சுமார் 20 டிகிரியில வேகமா வேலையை முடிச்சிடும். அந்தச் சூட்டில் எஸ்டர்கள் நிறைய உருவாகும். கெமிஸ்ட்ரி லேப்ல வாழைப்பழ வாசனை வந்ததே, அதே குடும்பம்தான். லாகர் சுத்தமா, மொறுமொறுனு இருக்கறதும் ஏல்ல பழ வாசனை வர்றதும் இதனாலதான்.

சரி, 'ரியல்' எதுக்கு? 1960கள்ல பிரிட்டனோட பெரிய கம்பெனிகள் பீரை வடிகட்டி, பாஸ்டுரைஸ் பண்ணி, கெக் எனும் உலோகப் பீப்பாயில் அடைச்சு, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் விற்க ஆரம்பிச்சாங்க. ரொம்ப நாள் கெடாது, எங்கேயும் ஒரே ருசி, ஆனா ஈஸ்ட் செத்துப்போச்சு. இதுக்கு எதிரா 1971ல நாலு இளைஞர்கள் ஆரம்பிச்ச இயக்கம்தான் கேம்ரா. அவங்க பிரபலப்படுத்தின பேர்தான் ரியல் ஏல்: உயிருள்ள ஈஸ்டோட பீப்பாய்க்குள்ளேயே ரெண்டாவது முறை புளிச்சு, வெளியிலிருந்து கேஸ் அழுத்தம் இல்லாம ஊத்தப்படற பீர்.

நமக்குப் புரியற மாதிரி சொன்னா, இது தோசை மாவு. அரைச்சு வெச்சதும் முடியற வேலை இல்லை. பாத்திரத்துக்குள்ள அது பாட்டுக்குப் பொங்கிட்டு இருக்கும். சரியான நேரத்தில் எடுத்தா அமிர்தம். விட்டா புளிச்சிடும்.

அண்ணனோட ரெண்டு புகார்கள்

முதல் புகார், சூடு. ரியல் ஏல் பாதாள அறையில் 11 முதல் 13 டிகிரியில இருக்கும். நம்ம கிளாஸ்ரூம் ஏசியே 24! அது சூடு இல்லை, ஐஸ் மாதிரி இல்லைங்கறதுதான் விஷயம். ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த மாம்பழத்தை உடனே கடிச்சுப் பாருங்க, வாசனையே வராது. கொஞ்ச நேரம் வெளியே வெச்சா வீடே மணக்கும். இங்கேயும் அதேதான்.

ரெண்டாவது, கேஸ் இல்லை. ஹென்றி விதி ஞாபகம் இருக்கா? திரவத்தில் கரையற வாயுவோட அளவு அழுத்தத்தைப் பொறுத்தது. லாகர் கெக்ல அழுத்தம் அதிகம், அதனால ஒரு லிட்டர் பீர்ல ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும். ஏல் பீப்பாய்ல காற்று உள்ளே வரும். சாதாரண அழுத்தம், 12 டிகிரி வெப்பம், கணக்குப் போட்டா சுமார் 1.1 லிட்டர்தான் நிக்கும். அதனால நாக்குல சுருக்குனு குத்தாது. ஆனா கொஞ்சமாவது கேஸ் இருக்கணும். சுத்தமா செத்துக் கிடந்தா அது பப்போட தப்பு.

ஊத்தற முறையும் அழகு. ஹேண்ட்பம்ப்னு நீளமான கைப்பிடி இருக்கும். இழுத்தா பாதாள அறையிலிருந்து பீர் மேலே வரும். வெறும் பிஸ்டன் பம்ப்தான், கரண்ட் வேண்டாம். 1797ல இதுக்குக் காப்புரிமை வாங்கினவர் ஜோசஃப் பிராமா. ஆமா, ஹைட்ராலிக் பிரஸ் கண்டுபிடிச்ச அதே பிராமா!

சைவம் சாப்பிடறவங்க மட்டும் கவனிங்க. ஈஸ்ட் அடியில் படிய நிறைய இடத்துல ஐசிங்கிளாஸ் சேர்ப்பாங்க. அது மீனோட காற்றுப்பையில இருந்து எடுக்கறது. சில கம்பெனிகள் அது இல்லாமலும் தயாரிக்கறாங்க. கேட்டு வாங்கலாம்.

மூணு நாள் கணக்கு

இவ்வளவும் சொன்னப்பறம்தான் அண்ணன் உண்மையைச் சொன்னார். "வந்த புதுசுல ஆபீஸ் பார்ட்டியில ஒரு ஏல் வாங்கிக் கொடுத்தாங்க. வினிகர் மாதிரி புளிப்பு. எல்லாரும் குடிக்கறாங்களே, இப்படித்தான் இருக்கும்போலனு முழுசும் குடிச்சேன். அதோட விட்டேன்."

பிரச்சினையோட வேரே இதுதான். பீப்பாயைத் திறந்து ஒவ்வொரு பைன்ட் எடுக்கும்போதும் அந்த இடத்துக்குக் காற்று போகும். ஆக்சிஜன் பட்டதும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். சுமார் மூணு நாளுக்குள்ள தீர்த்துடணும். ஃபர்கின்ங்கற பீப்பாய்ல 9 கேலன், அதாவது 72 பைன்ட். மூணு நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 24. கூட்டம் இல்லாத பப் அதை விற்க முடியாம நாலாவது, அஞ்சாவது நாளும் ஊத்தும். புதுசா வந்தவர் புளிச்சதைக் குடிப்பார், திரும்ப வரமாட்டார். கூட்டம் இன்னும் குறையும், பீர் இன்னும் பழசாகும். இந்தச் சுழலில்தான் ரியல் ஏல் மாட்டிக்கிட்டு இருக்கு.

நல்ல பேர் இருந்தாலும் தப்பிக்க முடியறதில்லை. ஷெஃபீல்டில் 1990ல ஆரம்பிச்ச கெல்ஹாம் ஐலண்ட் மதுவாலையோட பேல் ரைடர் 2004ல பிரிட்டனோட சாம்பியன் பீர் பட்டம் வாங்குச்சு. 2022ல மதுவாலை மூடப்பட்டது. பேல் ரைடரை மட்டும் பக்கத்து டெர்பிஷயரில் இருக்கற தார்ன்பிரிட்ஜ் காப்பாத்தி இன்னும் தயாரிக்குது.

லாகர் ஆளை எப்படிக் கூட்டிட்டுப் போறது?

நான் அண்ணன்கிட்ட தப்பு பண்ணிக் கத்துக்கிட்டது இது:

1. எடுத்ததும் கறுப்பு பீர், கசப்பு பீர் வேண்டாம். கோல்டன் ஏல்ல ஆரம்பிங்க. வெளிர் நிறம், லேசான கசப்பு. லாகர் ஆட்களை இழுக்கத்தான் இந்த வகை 1980கள்ல வளர்ந்தது.

2. அடுத்து பிட்டர் அல்லது பேல் ஏல். யார்க்ஷயரின் டிமதி டெய்லர் லேண்ட்லார்ட் நல்ல உதாரணம், 4.3 சதவீதம்.

3. நிறத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். மைல்ட் பெரும்பாலும் கறுப்பா இருக்கும், ஆனா ஆல்கஹால் 4 சதவீதத்துக்கும் கீழேதான். நம்ம ஊர் ஸ்ட்ராங் பீர் 8 வரைக்கும் போகுது.

4. கூட்டமான பப்பா பாருங்க. பம்ப் நிறைய இருக்கறதைவிட பீர் சீக்கிரம் தீர்றதுதான் முக்கியம்.

5. வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் ருசி பார்க்கக் கேளுங்க. பெரும்பாலும் சின்ன கிளாஸ்ல கொடுப்பாங்க.

6. புளிச்சிருந்தா திருப்பிக் கொடுங்க. ரொம்ப முக்கியம். சண்டை போட வேண்டாம், "இது சரியில்லைனு நினைக்கிறேன்"னு சொன்னா போதும். வெளியூர்க்காரன் நமக்கென்ன தெரியும்னு தயங்காதீங்க. தோசை மாவு முகர்ந்து வளர்ந்த மூக்கு நமக்கு. புளிப்பு நமக்குத் தெரியாதா?

நான் கிளம்பறதுக்கு முந்தின வாரம் அண்ணன் வீட்டுப் பக்கத்துப் பப்புக்குப் போனோம். அவரே ஒரு கோல்டன் ஏல் கேட்டார். ஒரு வாய் குடிச்சார், நிறுத்தினார், கிளாஸை எடுத்துட்டு நேரா கவுன்டருக்குப் போனார். பார்ல இருந்தவர் முகர்ந்து பார்த்துட்டு மன்னிப்பு கேட்டு, பம்ப்ல மாட்டியிருந்த பேர் அட்டையைத் திருப்பி வெச்சார். அந்தப் பீப்பாய் முடிஞ்சதுனு அர்த்தம். வேற பம்ப்ல புதுசா ஒண்ணு ஊத்திக் கொடுத்தார்.

அண்ணன் அதை வாங்கறதுக்கு முன்னாடி கேட்டார்: "இது திறந்து எத்தனை நாளாச்சு?"

"இன்னைக்குக் காலைலதான்."

அந்த பைன்டை முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. சூடா இருக்குனு ஒரு வார்த்தை சொல்லல.