பிரஷர் ஏறினால் முதலில் எங்கே பார்ப்பது? எச்பிஎல்சி கருவியும் கோளாறு தேடும் முறையும்



தமிழ் டீச்சருக்கு ஆய்வுக்கூடக் கருவியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் முதலில் படித்தது வேதியியல். கல்வியியல் பட்டயப் படிப்புக்குப் போவதற்கு முன் இரண்டு வருடம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். இது என் பழைய மாணவர் ஒருவருக்குத் தெரியும். டிப்ளோமா முடித்துவிட்டு இங்கேதான் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் டெக்னிஷனாக இருக்கிறார். ஒருநாள் இரவு எட்டரைக்கு வாட்சப்பில் ஒரு படம், கூடவே ஒரு வரி: "டீச்சர், பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. நான்தான் கெடுத்துட்டேன்னு ரிப்போர்ட் எழுதப் போறாங்க."

அந்த இரவு நாங்கள் இருவரும் பேசியதைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன். பினாங்கில் இது தூரத்துச் சங்கதி இல்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். பகுப்பாய்வுக் கருவிகள் செய்யும் அஜிலென்ட் நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடங்களிலும் இந்தக் கருவி உண்டு. இந்த வேலைக்குப் போகிற பிள்ளைக்கு வேதியியல் மட்டும் தெரிந்தால் போதாது, நடந்ததை வரிசையாகச் சொல்லவும் தெரிய வேண்டும்.

முதலில் கருவி. இதன் முழுப் பெயர் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை. சுருக்கமாக எச்பிஎல்சி. வண்ணப்பிரிகை என்ற பெயருக்குக் காரணம் மிகயீல் ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1900களின் தொடக்கத்தில் வார்சாவில் இலைச் சாற்றைச் சுண்ணாம்புப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்தன. வேடிக்கை என்னவென்றால், ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றாலே நிறம்தான்!

பிரிவது எப்படி? தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து நூறு பேர் ஒரே நேரத்தில் தண்ணீர்மலைக்கு நடக்கத் தொடங்குகிறார்கள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். சிலர் எதிலும் நிற்காமல் நேரே நடப்பார்கள். சிலர் ஒவ்வொரு பந்தலிலும் நின்று, மோர் குடித்து, பாட்டுக் கேட்டு, மெதுவாக வருவார்கள். புறப்பட்டது ஒன்றாக, வந்து சேர்வது தனித்தனியாக. மாத்திரையில் கலந்திருக்கும் பொருள்களும் இப்படித்தான். பொடியோடு ஒட்டாதது முதலில் வெளியே வரும், ஒட்டிக்கொள்வது பிந்தி வரும். கடைசியில் இருக்கும் டிடெக்டர், யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை பேர் வந்தார்கள் என்று மேடு மேடாக வரைந்து காட்டும். அந்த மேட்டைத்தான் 'பீக்' என்கிறோம்.

பொடி அடைத்த அந்தக் குழாயை ஆங்கிலத்தில் 'காலம்' என்பார்கள். தமிழில் எழுதினால் நேரம் என்று பொருள் வந்து குழப்பும். அதனால் நான் 'பிரிகுழாய்' என்றே எழுதுகிறேன்.

வழக்கமான பிரிகுழாய் 25 சென்டிமீட்டர் நீளம், உள்ளே 4.6 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் 5 மைக்ரோமீட்டர் சிலிக்கா துகள்கள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நெருக்கமான பொடிக்குள் நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் திரவத்தைத் தள்ள பம்ப் 100 முதல் 200 பார் அழுத்தம் கொடுக்கும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். இதைவிட நுண்ணிய துகள் அடைத்த புதுவகைக் கருவிகள் 1000 பாரையும் தாண்டும்.

இப்போது நம் மாணவரின் பிரச்சினைக்கு வருவோம். வழக்கமாக 140 பார் காட்டும் கருவி 310 காட்டியது. எங்கோ அடைப்பு. எங்கே? பிரிகுழாய்தான் போச்சு என்று பக்கத்தில் இருந்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். புதிது வாங்க ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும்.

நான் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, ஊகிக்காதே. பின்னாலிருந்து முன்னால் போ."

பம்பை நிறுத்திவிட்டு, பிரிகுழாயிலிருந்து டிடெக்டருக்குப் போகும் இணைப்பைக் கழற்ற வேண்டும். மறுபடி மெதுவாக ஓடவிட்டு அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இறங்கிவிட்டால் அடைப்பு டிடெக்டர் பக்கம். இறங்கவில்லையா? பிரிகுழாயை முழுதாகக் கழற்று. இப்போது பத்து இருபது பாருக்குள் வந்துவிட்டால் குற்றவாளி பிரிகுழாய், அல்லது அதற்கு முன்னால் காவலுக்குப் போட்டிருக்கும் குட்டிக் குழாய். அப்படியும் இறங்கவில்லையென்றால் மாதிரியைச் செலுத்தும் பகுதி, மெல்லிய குழாய்கள், வடிகட்டி என்று பம்பை நோக்கிப் போக வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குட்டிக் குழாயை மட்டும் கழற்றியதும் 145க்கு இறங்கிவிட்டது. "டீச்சர், பெருசு நல்லாத்தான் இருக்கு!" என்று அவர் குரல் செய்தி அனுப்பினார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அடைப்பு ஏன் வந்தது? முந்தின ஷிஃப்டில் பாஸ்பேட் உப்புக் கரைசலை ஓட்டியிருக்கிறார்கள். முடிந்ததும் கழுவுவதற்காக நேரே சுத்தமான அசிட்டோநைட்ரிலுக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீரில் கரையும் பாஸ்பேட் அசிட்டோநைட்ரிலில் கரையாது. கரைசலில் இருந்த உப்பு உள்ளேயே படிந்துவிட்டது. முதலில் தண்ணீர் அதிகமுள்ள கலவையை ஓட்டி உப்பை வெளியேற்றிவிட்டு, பிறகுதான் அசிட்டோநைட்ரிலுக்குப் போக வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகிற வேலை இதுதான். உப்புக் கரைசலை இரவு முழுக்க அப்படியே விட்டாலும் ஆபத்து. காய்ந்த உப்புப் படிகம் பம்பின் அடைப்பு வளையத்தைச் சுரண்டிவிடும், பிறகு ஒழுகும்.

அழுத்தம் குறைந்தால் கதை வேறு. எங்காவது ஒழுகும், அல்லது போத்தல் காலி. (சிரிக்காதீர்கள், பல தடவை இதுதான் காரணம்!) ஊசலாடினால் பம்புக்குள் காற்றுக் குமிழி, அல்லது செக் வால்வு அழுக்கு. கோட்டில் திடீர் திடீரென்று முள் போல் எழும்பினால் டிடெக்டருக்குள் குமிழி போயிருக்கும். கோடு முழுக்க நடுங்கினால் விளக்கைப் பாருங்கள், டியூட்டீரியம் விளக்குக்கு ஏறக்குறைய 2000 மணி நேரம்தான் ஆயுள்.

பீக்கின் வால் நீள்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எல்லாப் பீக்கும் ஒன்றாகக் கெட்டிருந்தால் இணைப்பில் இடைவெளியோ, பிரிகுழாயின் வாய்ப்பகுதியில் பள்ளமோ இருக்கும். ஒன்றே ஒன்றுதான் கெட்டிருக்கிறது என்றால் கருவியைத் திட்டாதீர்கள். அந்தப் பொருளுக்கும் பொடிக்கும் உள்ள ஒட்டுறவுதான் பிரச்சினை. சாதாரண சிலிக்கா பிஎச் 2க்குக் கீழேயும் 8க்கு மேலேயும் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை பீக்குகள் எல்லாம் நேரத்துக்கு முன்பே வரத் தொடங்கின. பதறிப்போய்க் கரைசலைப் புதிதாகக் கலந்தேன், பிரிகுழாயை மாற்றினேன், மாதிரியையும் மறுபடி தயாரித்தேன், மூன்றும் ஒரே மாலையில். ஒன்றும் சரியாகவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, குளிர்சாதனம் பழுதாம், பிரிகுழாயின் சூட்டை நிலையாக வைக்கும் அடுப்பும் போடவில்லை. வெப்பம் 1 டிகிரி ஏறினால் பீக் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு முன்னே வந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சொல்ல வேண்டுமா? மூன்றையும் ஒன்றாக மாற்றியதால் ஒரு நாள் வேலை வீண்.

நம் வெயிலுக்கு இன்னொன்று. வெறும் தண்ணீரும் பஃபரும் உள்ள போத்தலில் சில நாளில் பாசி, கிருமி வளரும். பழசு மிச்சம் இருக்கிறதே என்று அதன் மேலேயே புதுசை ஊற்றாதீர்கள். கொட்டிவிட்டு, கழுவி, 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து ஊற்றுங்கள்.

மாணவர்களே, விளக்கக் கட்டுரை எழுதும்போது இதைக் கவனியுங்கள். அந்தத் தம்பி முதலில் எழுதிய அறிக்கையில் "கருவி சரியில்லை, பிறகு சரி செய்யப்பட்டது" என்று இருந்தது. யார் செய்தது, எதைப் பார்த்தது, என்ன எண் வந்தது, எதுவுமே இல்லை. திருத்தி எழுதியதில் நேரம், கழற்றிய இணைப்பு, கழற்றுவதற்கு முன்னும் பின்னும் அழுத்தம், முந்தின ஷிஃப்டின் பதிவேட்டு வரி எல்லாம் வரிசையாக வந்தன. 'செய்யப்பட்டது' என்ற சொல் ஒன்றுகூட இல்லை. அந்த அறிக்கையைப் பார்த்த பிறகு அவர் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்ட எச்பிஎல்சி தேவையில்லை. காப்பி வடிகட்டும் தாள், கறுப்பு மார்க்கர், ஒரு குவளையில் அரை அங்குலம் தண்ணீர் போதும். ஒரு தாளில் மைப்புள்ளியைத் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். இன்னொன்றில் புள்ளி தண்ணீருக்குள் முங்கும்படி, வேண்டுமென்றே தவறாக வையுங்கள். இரண்டாவதில் நிறம் ஏன் சரியாக மேலே ஏறவில்லை என்று கேளுங்கள். குவளைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளையை அடுத்த கேள்விக்கும் எழுப்பிவிடுங்கள்: இதை அறிக்கையாக எழுதினால் முதல் வரி என்ன?