பின்னாடி போடுங்க புது டயரை!

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனியிலிருந்து கம்பம் வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள்தான். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் நமக்குக் கொட்டும். வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்புகிறோம். பழத்தை வைக்கக் குனிகிறவர், அப்படியே டயரையும் ஒரு பார்வை பார்க்கலாமே!

2022 டிசம்பரில், சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்கள் எட்டுப் பேர் குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்தார்கள். மலைப்பாதை விபத்துக்குக் காரணங்கள் எத்தனையோ. புறப்படும் முன்பே நாம் சரிபார்த்துக்கொள்ளக் கூடியது டயர்.

டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மிச்சமிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஓட்டக் கூடாது என்பது சட்டம். என்னைக் கேட்டால், மழையில் மலையேறுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். சாலைத் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். பள்ளம் போனால் டயர் தண்ணீர் மேலேயே வழுக்கும்; பிரேக்கை மிதித்தாலும் வண்டி நிற்காது.

"நாலையும் மாத்த இப்போ காசில்லை, ரெண்டு மட்டும் போடுங்க" என்பதுதான் பல வீட்டுக் கதை. தப்பில்லை. ஆனால் அந்த இரண்டையும் முன்னால் போடச் சொல்வோம். ஸ்டியரிங் அங்கேதானே, இஞ்சின் இழுப்பதும் அங்கேதானே என்று கணக்கு. இந்தக் கணக்குதான் தப்பு! முன் டயர் வழுக்கினால் வண்டி வளையாமல் நேரே போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின் டயர் வழுக்கினாலோ, வண்டியின் பின்பாகம் வெளியே வீசி அப்படியே சுழன்றுவிடும். குமுளி இறக்கத்தில், ஈரமான வளைவில் அப்படி நடந்தால் தேர்ந்த டிரைவராலும் சமாளிப்பது கஷ்டம். அதனால் புதுசு இரண்டும் பின்னால். இருக்கிறதில் நல்லதாக இரண்டு முன்னால்.

"வண்டி அதிகம் ஓடலை, பட்டன் அப்படியே இருக்கு" என்கிறீர்களா? ரப்பருக்கும் வயசாகும். வெயிலில் நின்றே இறுகி, வெடிப்பு விடும். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. புது டயர் வாங்கும்போதும் இதைப் பாருங்கள், பக்கத்திலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். ஐந்து வயதைத் தாண்டிய டயரை வருடா வருடம் காட்டுங்கள். பத்து வயதானால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பழைய டயரில் பள்ளம் வெட்டி விற்பார்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

185/65 ஆர் 15 88 எச் என்பதில் அந்த 88-ஐக் கவனியுங்கள். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். வண்டிக்குச் சொன்ன எண்ணுக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஐந்து பேர் போகிற காரில் ஏழு பேர், கூரைமேல் மூட்டை என்று போகிற ஆட்கள்தானே நாம்!

புது டயரின் மேல்பரப்பில் ஒரு வழுவழுப்பு இருக்கும். அது தேயும்வரை, முதல் 300 கிலோமீட்டருக்குச் சமவெளியில் நிதானமாக ஓட்டுங்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.