ஆசிரியரின் தரம்: யார் அளக்கிறார்கள், எதை அளக்கிறார்கள்?



கல்வியே நம் விடுதலைக்கான ஆயுதம் என்று எல்லா மேடைகளிலும் சொல்லிவருகிறோம். அந்த ஆயுதத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறவர் ஆசிரியர். அவர் யார் என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் படிப்பும் வாழ்க்கையும் எவ்வளவு மாறுகின்றன? பொருளாதார அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியை ஆராய்ந்துவருகிறார்கள். அவர்கள் கண்டதில் நமக்குப் பயன்படுவது எது, நமக்கு எதிராகத் திருப்பப்படுவது எது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சியின் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தில் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின்படி, பள்ளிகளில் நிலவும் சமமின்மையை ஆராயும் பொறுப்பு சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 6 லட்சம் மாணவர்களிடம் தகவல் திரட்டி 1966இல் அவர் குழு அறிக்கை தந்தது. குடும்பப் பின்னணியே தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றது அறிக்கை. 'அப்படியானால் பள்ளிக்குச் செலவழித்து என்ன பயன்?' என்று கேட்க நினைத்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: பள்ளி சார்ந்த காரணிகளுள் ஆசிரியரின் தாக்கம் பெரிது, ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளிடம் அது இன்னும் பெரிது.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் எரிக் ஹனுஷெக். இண்டியானா மாநிலத்தின் கேரி நகரத்தில், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளை அவர் ஆராய்ந்தார். ஒரே கல்வியாண்டில் சில ஆசிரியர்களிடம் படித்தவர்கள் ஒன்றரை ஆண்டுப் பாடத்துக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். வேறு சில ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அரை ஆண்டு அளவே முன்னேறியிருந்தார்கள். ஊர் ஒன்று, வறுமை ஒன்று, இனமும் ஒன்று. வறுமையே எல்லாவற்றையும் முடிவுசெய்துவிடும் என்ற வாதம் இங்கே உடைகிறது.

இதை எப்படி அளக்கிறார்கள்? ஆண்டு முடிவில் பிள்ளை எடுத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் ஆசிரியரே சிறந்தவராகத் தெரிவார். அதனால் முந்தைய ஆண்டு மதிப்பெண்ணையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் கொண்டு, இந்தப் பிள்ளை எவ்வளவு முன்னேறும் என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். உண்மையில் பெற்ற முன்னேற்றத்துக்கும் அந்த மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடே ஆசிரியர் சேர்த்த மதிப்பு. ராஜ் செட்டி, ஜான் ஃபிரீட்மன், ஜோனா ராக்காஃப் மூவரும் இந்த முறையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளை, பிற்கால வருமானவரிப் பதிவுகளோடு இணைத்து 2014இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நல்ல ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குச் செல்வதும், வளர்ந்தபின் ஈட்டும் வருமானமும் கூடியிருந்தன. இத்தகைய ஆய்வுகள் பலவும் இன்னொன்றையும் காட்டின: நல்ல ஆசிரியரை அவருடைய பட்டங்களை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிவதில்லை.

பட்டம் இல்லையென்றால் வேறு எது? இங்கேதான் விஷயம் நம் தெருவுக்கு வருகிறது.

டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய ஒரு பரிசோதனையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் குலுக்கல் போல வகுப்புகளுக்கு ஒதுக்கப்பட்டார்கள். அந்தத் தரவுகளை ஆராய்ந்த தாமஸ் டீ, தன் இனத்தைச் சேர்ந்த ஆசிரியரிடம் ஓராண்டு படித்த பிள்ளை, 100 பேர் நிற்கும் வரிசையில் 3, 4 இடம் முன்னேறுவதைக் கண்டார். அதே பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் தொடர்ந்து சென்று பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதமும், கல்லூரியில் சேரும் வாய்ப்பு 19 சதவீதமும் கூடியிருந்தன. ஒரே கறுப்பின மாணவரைப் பற்றி இரண்டு ஆசிரியர்களிடம் கேட்ட இன்னோர் ஆய்வில், அவர் பட்டம் பெறுவார் என்று நம்பும் வாய்ப்பு வெள்ளை ஆசிரியரிடம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. பிள்ளை ஒன்றுதான், பார்க்கும் கண்தான் வேறு.

நம் நாட்டில் இந்தக் கண் சாதியின் கண். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் மாணவர்களிடம் புதிர்வழிப் படங்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பிள்ளைகளும் ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளும் சமமாகவே தீர்த்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதிப் பெயரை அறிவித்தபோது தலித் பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. அறிவு அதே அறிவு. ஓர் அறிவிப்பு அதை முடக்கிவிட்டது. வருகைப் பதிவேட்டையோ உதவித்தொகைப் பட்டியலையோ கையில் வைத்துக்கொண்டு சாதியை உரக்கக் கேட்கும் ஆசிரியர், தாம் என்ன செய்கிறார் என்பதை அறிய இந்த ஒரு ஆய்வு போதும்.

ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு நமக்குச் சற்றுக் கசப்பானது. விடைத்தாள்களின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் சற்றே குறைந்தது. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களே. இதை நாம் மறைக்கத் தேவையில்லை. படிநிலைப்படுத்தப்பட்ட சமமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது, ஒடுக்கப்பட்டவரின் மனத்துக்குள்ளும் ஏறி உட்காரும் இந்த ஏற்பாட்டைத்தான். நம்மவர் ஆசிரியராக வருவது அவசியம். அதோடு கடமை முடிந்துவிடாது.

இந்த ஆராய்ச்சி நமக்கு எதிராகத் திரும்பும் இடமும் உண்டு. மதிப்பெண்ணை வைத்து ஆசிரியர்களைத் தரம் பிரித்து வேலையை விட்டு நீக்கலாம் என்று ஹனுஷெக் போன்றவர்கள் வாதிட்டார்கள். ஆனால் மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதமே எனப் பெரும்பாலான ஆய்வுகள் சொல்வதாக அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் எச்சரித்தது. பள்ளிக்குள் ஆசிரியரே பெரிய காரணி. பள்ளிக்கு வெளியே நிலம், கூலி, குடியிருப்பு, உணவு எல்லாம் காத்திருக்கின்றன. ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு அரசு தப்பிக்க விடக்கூடாது. மதிப்பெண்ணில் சிக்காதவையும் உண்டு. கழிப்பறையைக் கழுவச் சொன்ன அவமானத்துக்கு எந்தச் சமன்பாட்டிலும் இடமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் கூர்மையாக இருக்க வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயருக்குப் பதில் டம்மி எண் இருக்கிறது. செய்முறைத் தேர்விலும் அகமதிப்பீட்டிலும் மதிப்பெண் போடுகிறவருக்கு மாணவரைத் தெரியும். அங்கே பாதுகாப்பு என்ன என்று கேட்போம். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதிவெறித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, ஒரு வட்டாரத்தில் ஆதிக்கம் செலுத்தும் சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் அமர்த்தக் கூடாது என 2024இல் பரிந்துரைத்தது. வகுப்பறையில் நிற்பவர் யார் என்பது படிப்பைத் தீர்மானிக்கிறது என்று மேலே கண்ட ஆய்வுகள் எண்களால் சொல்கின்றன. அந்தப் பரிந்துரையைச் செயல்படுத்தக் கேட்கும்போது இந்த எண்கள் நம் கையில் இருக்கட்டும்.

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். உங்கள் எதிரே உட்காரும் பிள்ளையால் முடியும் என்று நீங்கள் நம்புவது கருணையில் சேராது. அதுவும் உங்கள் பணியின் தரம்.

ஜெய்பீம்.