கனவு ஏன் மறந்துபோகிறது?

தொட்டிலில் தூங்கும் குழந்தை திடீரென்று சிரிக்கும். அடுத்த நொடியே உதட்டைப் பிதுக்கும். "நரி விரட்டுது" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்போது குழந்தையின் மூடிய இமைகளைக் கவனித்திருக்கிறீர்களா? இமைக்குள்ளே விழி அங்குமிங்கும் உருளுவது தெரியும். பெரியவர்களுக்கும் இவ்வாறு உருளும். இதைக் கருவி கொண்டு பதிவு செய்து 1953-இல் வெளியிட்டவர்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் ஆவர்.

இந்த நிலையை விழியசைவுத் தூக்கம் என்போம். 1957-இல் டிமெண்ட்டும் கிளைட்மனும் இந்நிலையில் இருந்தவர்களை 191 தடவை எழுப்பிக் கேட்டார்கள். 152 தடவை கனவு நினைவில் இருந்தது. மற்ற வேளைகளில் எழுப்பிய 160 தடவைகளில் 11 தடவை மட்டுமே இருந்தது. (பிற்காலத்தில், 'கனவு கண்டீர்களா?' என்பதற்குப் பதிலாக 'மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?' என்று கேட்டபோது, மற்ற வேளைகளிலும் பலர் ஏதேனும் சொன்னார்கள். கேள்வி மாறினால் அளவீடும் மாறும் என்பது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் காணும் செய்தி அன்று!)

"எனக்குக் கனவே வருவதில்லை சார்" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் கனவு வந்திருக்கும். கனவின்போது விழிப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். முதற்சுற்றில் விழியசைவுத் தூக்கம் சில நிமிடங்களே. விடியலை நெருங்க நெருங்க அது நீண்டு அரை மணியைத் தொடும். இரவு பத்துக்குப் படுத்து, சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்ற மூன்று மணிக்கே எழும் பெரம்பலூர் விவசாயி, தம் கனவு நேரத்தின் பெரும்பகுதியை வெட்டிவிட்டே எழுகிறார். அரியலூர் சிமெண்டு ஆலையில் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் படுப்பவருக்குக் கணக்கு வேறு. விழியசைவுத் தூக்கம் உடலின் உட்கடிகாரத்தையும் சார்ந்தது. அவருக்கு அது படுத்த சிறிது நேரத்திலேயே வந்துவிடக்கூடும்.

இதை வீட்டில் சோதிக்க முடியுமா? கையில் கட்டும் 'ஸ்மார்ட்' கடிகாரம் கனவு நேரத்தையும் காட்டும் என்று விற்கிறார்கள். அதை முழுதாக நம்ப வேண்டாம். அது முதன்மையாக அளப்பது கையின் அசைவையும் நாடித் துடிப்பையும்தான். விழியசைவுத் தூக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கிடக்கும். ஆழ்ந்த தூக்கத்திலும் கை அசையாது. இரண்டையும் பிரித்தறிய மூளையலை வேண்டும். டார்ச் விளக்குச் செல்லின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு 50 மைக்ரோவோல்ட். தலையின் மேல் தொட்டு அளக்கும் அலைகள் அந்த அளவில்தான் இருக்கின்றன. மணிக்கட்டில் அது எட்டாது.

ஆனால் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதைச் சொல்ல, அசைவை அளக்கும் கருவி நன்றாகவே உதவும். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் மணிக்கட்டில் இத்தகைய கருவியைக் கட்டிச் செய்த ஆய்வொன்று 2021-இல் வெளியாயிற்று. அவர்கள் பாயில் கிடந்தது சராசரி எட்டு மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான்!

கடிகாரம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், அலாரம் எழுப்பியதா, தானாக விழித்தீர்களா என்று இரண்டு வாரம் குறியுங்கள். விழித்ததும் புரளாமல், கண்ணைத் திறக்காமல், மனத்தில் மிஞ்சியதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விழியசைவுத் தூக்கத்தில் நினைவைப் பதிக்க உதவும் நார்அட்ரினலின் மூளையில் மிகக் குறைவு. எனவே 'காபி குடித்துவிட்டு எழுதுவோம்' என்றால் கனவு போய்விடும். பிறகு, சீக்கிரம் எழுந்த நாட்களையும் தாமதமாக எழுந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒப்பிடுங்கள். கனவுக்காக நடுநிசியில் அலாரம் வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கனவில் வருவதற்கேற்பக் கைகாலை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பவர் வீட்டில் இருந்தால், நோட்டுப் போதாது. அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தசைகள் தளராத விழியசைவுத் தூக்கம் ஒரு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.