மேலே ஒரு விரிசல், கீழே ஓர் ஒளிக்கூடம்

உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட பாறை இடுக்குகளில் ஒன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்ற சிறு நகரத்துக்கு அருகே இருக்கிறது. ஆன்டிலோப் கேன்யன் என்று பெயர். நவஹோ பழங்குடியினரின் நிலம் அது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. மேல் பகுதிக்குள் தரைமட்டத்திலேயே நடந்து நுழையலாம். கீழ்ப் பகுதியோ தரையில் ஒரு விரிசலாகத்தான் கண்ணில் படும். அதற்குள் இரும்புப் படிகளில் இறங்க வேண்டும்.

மணலே பாறை, மணலே உளி

ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில், இங்கே பெரும் மணல்மேடுகள் இருந்தன. அவை புதையுண்டு, நிலத்தடி நீரிலிருந்த கனிமங்கள் மணல்துகள்களைப் பிணைக்க, மணற்பாறை ஆயின. இன்று சுவர்களில் சாய்வாக ஓடும் கோடுகள், அன்றைய காற்று மேட்டுச் சரிவுகளில் அடுக்கடுக்காகக் கொட்டிய மணலின் தடங்கள்.

பாறையைக் குடைந்தது வெள்ளம். கோடைக்கால இடிமழை கொட்டும்போது, செடிகொடி அதிகமில்லாத வறண்ட நிலம் நீரை உறிஞ்சுவதில்லை. எல்லாம் ஓடிவந்து பாறை வெடிப்புகளில் பாய்கிறது. அது சுமந்துவரும் மணல், உப்புத்தாள் போலச் சுவரைத் தேய்க்கிறது. நீர் சுழலும் இடங்களில் வளைவுகளும் குழிவுகளும் பிறக்கின்றன. மழை குறைந்த பகுதி என்பதால் சுவர்கள் விரைவில் சிதைந்து அகலமாவதில்லை. ஆழம் கூடுகிறது, இடுக்கு இடுக்காகவே இருக்கிறது.

நிறம் எப்படி வருகிறது?

மணல்துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்ஸைடு, நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு செம்மஞ்சளைத் திருப்பி அனுப்புகிறது. உச்சியில் நுழையும் வெயில் சுவருக்குச் சுவர் மோதி இறங்குவதால், ஒவ்வொரு மோதலிலும் நீலம் இன்னும் குறைகிறது. அதனால்தான் மேலே மஞ்சளாகத் தெரியும் பாறை, ஆழத்தில் செக்கச்செவேலென்று இருக்கிறது. வெயில் எட்டாமல் வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் விழும் மூலைகளில் ஊதா சாயல் தட்டுகிறது.

மேல் பகுதியில் புகழ்பெற்றவை ஒளிக்கற்றைகள். சூரியன் உச்சிக்கு அருகே வரும் கோடை மாதங்களின் நண்பகலில்தான் அவை தரையைத் தொடும். ஒளியைக் கற்றையாகக் கண்ணுக்குக் காட்டுவது, அதைச் சிதறடிக்கும் தூசு.

இந்த இயற்பியல் தெரிந்தால் படம் பாதி எடுத்த மாதிரி. கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), செம்மஞ்சளைக் கோளாறு என்று எண்ணி வெளிறச் செய்துவிடும். அதைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். வானம் சட்டகத்துக்குள் வந்தால் வெள்ளையாகப் பொரிந்துபோகும், தவிர்த்துவிடுங்கள். வழக்கமான சுற்றுலாக்களில் முக்காலிக்கு அனுமதி இல்லை என்பதால், கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை உயர்த்தி, அகலக்கோண லென்ஸால் எடுப்பதே வழி. உள்ளே லென்ஸ் மாற்றினால் நுண்மணல் கேமராவுக்குள் புகுந்துவிடும்.

கேமராவைவிட முக்கியமானது வானிலை. 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப் பகுதியில் பெரிதாக மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி நீர்வரத்துப் பகுதியில் பெய்த மழை வெள்ளமாகத் திரண்டு வந்து 11 பயணிகளைக் கொன்றது. அன்று இருந்த மர ஏணிகள் அடித்துச் செல்லப்பட்டன; பாறையில் பொருத்திய இரும்புப் படிகள் அதன் பின் வந்தவை. 2006 அக்டோபரில் வந்த இன்னொரு வெள்ளத்தால் அந்தப் பகுதி 5 மாதம் மூடிக் கிடந்தது.

ஆகவே எந்தப் பாலைவன இடுக்குக்குள் இறங்கினாலும், தலைக்கு மேல் தெரியும் நீல வானத்தை நம்பாதீர்கள். நீர் வரும் திசையின் வானிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி வெளியே வரச் சொன்னால், இன்னும் ஒரு படம் என்று நிற்காமல் அந்த நொடியே ஏறிவிடுங்கள்.